படைத்துறைக் கல்விக்கூடங்களும் படுவான்கரைப் பாடசாலைகளும்: வெல்லாவெளிப் பிரதேசத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழரின் கல்வி வரலாறு பற்றி எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே தடத்திலேயே சென்றுள்ளன. மருத்துவம், பொறியியல், சட்டம், எழுதுவினைஞர் சேவை ஆகியவற்றுக்கு நமது பாடசாலைகள் மாணவரை எவ்வாறு ஆயத்தஞ் செய்தன, அவ்வாயத்தத்தின் பயனை அரசின் மொழிக்கொள்கையும் தரப்படுத்தலும் எவ்வாறு குலைத்தன என்பனவே அவற்றின் பொருளாக அமைந்தன. படைத்துறை அதிகாரி என்பதும் ஒரு காலத்தில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கருதிப் பார்க்கக்கூடிய தொழிலாக இருந்தது. அதற்கும் பரீட்சையும் நேர்முகத் தேர்வும் ஆயத்தமும் இருந்தன என்னும் செய்தி அவ்வாய்வுகளில் ஓர் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறுவது அரிது. இம்மௌனத்திற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தன்மீது போர் தொடுத்த ஒரு நிறுவனத்தை ஒரு தொழில்வாய்ப்பாக நினைவுகூர எச்சமூகமும் கூச்சப்படும். ஆயினும் வரலாற்று மாணவர் அக்கூச்சத்திற்கு இடங்கொடுத்தல் ஆகாது. படைத்துறைக் கல்விக்கூடங்களின் வாயில் யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு எப்போதுமே திறக்கப்படவில்லை, திறந்திருந்த சிலருக்கும் எப்போது அடைக்கப்பட்டது என்னும் வினாக்கள் அரசின் வர்க்க, இன இயல்புகளை விளக்கவல்லன.

இவ்வினாக்களைக் கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ எழுப்பாது வெல்லாவெளியிலிருந்து எழுப்ப விரும்புகின்றோம். மட்டக்களப்பு வாவி நிலத்தை இரண்டாகப் பிரிக்கின்றது. கடலோரமாக, ஞாயிறு எழும் பக்கத்தில் அமைந்தது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, ஞாயிறு படும் பக்கத்தில் விரிந்து கிடப்பது படுவான்கரை. போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் அமைந்துள்ள வெல்லாவெளி படுவான்கரையின் தென்பகுதிக்குரியது. களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து பட்டிருப்புப் பாலத்தின் வழியாகவோ, குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் படகேறியோ இப்பகுதியை அடைதல் வழக்கம். மாரிகாலத்தில் வெள்ளம் பெருகினால் தரைவழிகள் துண்டிக்கப்படும். நெல்வயலும் மேய்ச்சல் நிலமும் சேனையும் நிறைந்த இப்பிரதேசமே எழுவான்கரைக்குச் சோறளித்தது. எழுவான்கரையோ இதற்குப் பாடசாலை அளிக்கவில்லை எனச் சற்றுக் கடுமையாகவே கூறலாம்.

இதனைப் புவியியலின் குறையாக மாத்திரம் கொள்ளுதல் தவறாகும். மட்டக்களப்பின் நிலவுடைமை முறையில் போடியார் எனப்பட்ட பெருநிலக்காரர் பலர் எழுவான்கரையிற் குடியிருந்து படுவான்கரை வயல்களை ஆண்டனர். அவ்வயல்களில் போகந்தோறும் உழைத்தவர் முல்லைக்காரர். போடியாரின் புதல்வர் மட்டக்களப்பு நகரத்துக் கல்லூரிகளிற் பயின்றனர். 1814 இல் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் தொடக்கிய பாடசாலையிலிருந்து வளர்ந்த மெதடிஸ்த மத்திய கல்லூரியும், கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியும் அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. முல்லைக்காரரின் மகனுக்கோ வயற்காவலும் மாடுமேய்த்தலும் பள்ளி நாட்காட்டியை நிர்ணயித்தன. விதைப்பும் அரிவெட்டும் வந்தால் வகுப்பறை காலியாகும். பின்வரும் வரலாறு முழுவதற்கும் இவ்வேறுபாடே அடிப்படை என்பது எமது கருத்து.

இனி, அதிகாரிகளை ஆக்கும் பாதை இந்நாட்டில் எவ்வாறு அமைந்தது என்பதை நோக்குவோம். 1881 இல் கொழும்பு றோயல் கல்லூரியில் அதிபராயிருந்த ஜோன் கல் என்னும் ஆங்கிலேயர், அவ்வாண்டில் நிறுவப்பட்ட தொண்டர் படையுடன் இணைந்ததாக மாணவர் படைப்பிரிவொன்றைத் தொடக்கினார். அது ஏனைய பெருங்கல்லூரிகளுக்கும் பரவ, 1902 இல் இலங்கைக் கடேற் பட்டாளம் தனியே அமைக்கப்பட்டது. ஆண்டுதோறும் இம்மாணவர் தியத்தலாவையிற் பாளயமிறங்கிப் பயிற்சி பெற்றனர். 1900 இல் போவர் யுத்தக் கைதிகளை அடைத்து வைப்பதற்காக எழுப்பப்பட்ட தியத்தலாவை முகாமிலே, ஏகாதிபத்தியத்தின் உள்ளூர்க் கனவான்களின் பிள்ளைகள் அணிவகுக்கப் பழகினர் என்பது குறிப்பிடத்தக்கது. அணிநடை, துப்பாக்கி சுடுதல், நிலப்பட வாசிப்பு என்பன அங்குக் கற்பிக்கப்பட்டனவாயினும், உண்மையில் அம்முறை கற்பித்தது பிறிதொன்று. தன்னையொத்த வயதினனுக்குக் கட்டளையிடும் குரல், வெள்ளைக்கார அதிகாரியோடு ஒரே மேசையிலமர்ந்து உண்ணும் பழக்கம், தோல்வியுற்றாலும் முகங்கோணாத விளையாட்டு மைதான நடத்தை ஆகியவையே அங்கு வளர்க்கப்பட்டன. பழைய மாணவர் சங்க மலர்கள் இதனை 'தலைமைத்துவம்' எனப் போற்றும். சமூகவியல் இதனை வர்க்கப் பயிற்சி எனக் கொள்ளும்.

1949 ஒக்டோபரில் இலங்கை இராணுவம் முறையாக நிறுவப்பட்டபோது அதிகாரிப் பயிற்சிக் கூடம் ஒன்றும் இந்நாட்டில் இருக்கவில்லை. பள்ளிக் கல்வியை முடித்த இளைஞர் சிலர் தெரிந்தெடுக்கப்பட்டு இங்கிலாந்தின் சாண்ட்ஹேர்ஸ்ட் கழகத்திற்கும், பின்னர் இந்தியாவின் தேராதூன் முதலிய இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். இத்தெரிவுக்கு மாணவன் எவ்வாறு ஆயத்தமானான்? ஒரு பாடநூலை மனனஞ் செய்தோ தனியார் வகுப்புக்குச் சென்றோ அன்று. கடேற் பிரிவில் சார்ஜன்ட் பதவி, மாணவத் தலைவர் பதவி, கிரிக்கெட்டிலோ றக்பியிலோ கல்லூரிக்காக ஆடிய பெயர், பிழையற்ற ஆங்கிலம், நேர்முகத் தேர்வில் அமர்ந்திருந்தோர் அறிந்த ஒரு குடும்பப் பெயர் ஆகிய இவையே ஆயத்தம். பத்தாண்டு பழகினாலன்றிக் கைவராத இத்தகைமைகளை றோயல், சென். தோமஸ், கண்டித் திரித்துவம் போன்ற சில கல்லூரிகளே வழங்கின. பரீட்சை என்பது அங்கு நடந்தேறிவிட்ட ஆயத்தத்திற்கு இடப்பட்ட முத்திரை மாத்திரமே.

இவ்வாயத்தத்திற்கு இனபேதம் இருக்கவில்லை. 1955 இல் இலங்கை இராணுவத்தின் முதலாவது சுதேசித் தளபதியாகப் பதவியேற்ற அன்ரன் முத்துக்குமாரு தமிழர். கொழும்பு சென். யோசப் கல்லூரியிலும் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திலும் கற்றுப் பாரிஸ்டரானவர்; தொண்டர் படை வழியாக அதிகாரியானவர். பிற்காலத்தில் இந்நாட்டின் இராணுவ வரலாற்றை நூலாகவும் எழுதினார். 1960 முதல் 1970 வரை கடற்படைக்குத் தளபதியாயிருந்த றாஜன் கதிர்காமரும் தமிழரே. இவ்விரு பெயர்களையும் 'அக்காலத்தில் தமிழருக்கிருந்த இடம்' என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அவ்விடம் தமிழருக்கு இருந்ததா, தமிழருள் ஒரு சிலருக்கு இருந்ததா என அவர்கள் கேட்பதில்லை. வெல்லாவெளி மாணவனுக்கும் முத்துக்குமாருவுக்கும் இடையே இருந்த தூரம், முத்துக்குமாருவுக்கும் அவரோடு உணவுண்ட சிங்கள, பறங்கி அதிகாரிகளுக்கும் இடையே இருந்த தூரத்திலும் பன்மடங்கு பெரியது. தெற்கே அம்பாந்தோட்டைக் கிராமமொன்றின் சிங்கள மாணவனும் இதே தூரத்திலேயே நின்றான். அவன் 1971 ஏப்பிரலில் எந்தக் கதவைத் தட்டினான் என்பது யாவரும் அறிந்ததே.

1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்ததும், மத்திய பாடசாலைகள் கிராமப்புறத்தை நோக்கி நகர்ந்ததும், தாய்மொழி போதனாமொழியானதும் படுவான்கரை மாணவனுக்கு முதன்முறையாக இடைநிலைக் கல்வியின் வழியைக் காட்டின. வந்தாறுமூலை போன்ற இடங்களில் எழுந்த பாடசாலைகள் முல்லைக்காரரின் பிள்ளைகள் சிலரை ஆசிரியராக்கின. சனநாயக நோக்கிற் பார்க்கும்போது இதனினும் பெரிய மாற்றம் இப்பிரதேசத்தில் நிகழ்ந்ததில்லை. ஆனால் பாடசாலை தமிழுக்கு மாறியபோது படைத்துறையின் தெரிவு மேசை ஆங்கிலத்திலேயே இருந்தது. அது சில காலங்கழித்து மாறியபோது சிங்களத்திற்கு மாறியது. தமிழ்மூலம் கற்ற கிராமத்து மாணவனின் மொழியில் அம்மேசை ஒருபோதும் பேசியதில்லை. குறை தாய்மொழிக் கல்வியினது என வாதிடும் பழைய ஆங்கிலப் பள்ளிப் பற்றாளரை நாம் ஏற்பதற்கில்லை. பாதையைத் திருத்திவிட்டு வாயிலைத் திருத்தாது விட்டமையே குறை.

1956 முதல் 1962 வரையான ஆறாண்டுகள் இவ்வரலாற்றின் திருப்பம். 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே ஜூன் மாதத்தில் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழர் தாக்கப்பட்டனர். அப்பகுதி போரதீவுப்பற்றின் தெற்கெல்லைக்கு அயலிலேயே உள்ளது. அன்று அமைதியை நிலைநாட்ட அனுப்பப்பட்ட இராணுவத்தின் தளபதி முத்துக்குமாரு. 1958 கலவரத்தின்போதும் அவரே தளபதி. ஆக, இப்பிரதேசத்து மக்கள் இராணுவத்தை ஒரு காவலாகக் கண்ட சிறு இடைவெளி ஒன்று இருந்தது. 1961 இல் அது முடிவுற்றது. தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கச்சேரி வாயில்களில் நடத்திய சத்தியாக்கிரகம் ஏப்பிரலில் அவசரகாலச் சட்டத்தாலும் இராணுவத்தாலும் ஒடுக்கப்பட்டது. தலைவர்கள் பனாகொடை முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். மட்டக்களப்புக் கச்சேரியின் முன் அமர்ந்திருந்தோருள் வாவிக்கு அப்பாலிருந்து வந்தவரும் இருந்திருப்பர். அவர்தம் பிள்ளைகளுக்கு இராணுவம் இனி ஒரு தொழிலாகத் தோன்றுவது எங்ஙனம்?

1962 ஜனவரியில் படை, பொலிஸ் உயர் அதிகாரிகள் சிலர் அரசைக் கவிழ்க்க முயன்றனர். குற்றஞ்சாட்டப்பட்ட 24 பேரில் சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகிய மூவினத்தாரும் இருந்தனர், பெரும்பாலோர் கிறிஸ்தவர், பெருங்கல்லூரிகளின் பழைய மாணவர். 11 பேர் 1965 இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டுக் கோமறைக் கழகத்தால் அவ்வாண்டே விடுவிக்கப்பட்டனர். சதியைப் பற்றி டொனால்ட் ஹொறோவிற்ஸ் 1980 இல் வெளியிட்ட ஆய்வு அவ்வதிகாரிகளின் மனப்பாங்கை விரிவாக ஆராய்கின்றது. நமக்கு வேண்டியது அதன் பின்விளைவு. கனவான்களின் குழுவாட்சியை உடைக்க அரசுக்கு நியாயமான காரணம் கிடைத்தது. உடைத்த இடத்தில் சகல இனத்துக் கிராமப் பிள்ளைகளையும் அமர்த்தியிருக்கலாம். அதற்குப் பதிலாகச் சிங்கள பௌத்தப் பாடசாலைகளின் பக்கம் ஆட்சேர்ப்பு திருப்பப்பட்டது. வர்க்கத் தடை பெரும்பான்மையினருக்குத் தளர்ந்தபோது தமிழருக்கு அது இனத்தடையாக இறுகியது. படைப்பிரிவுகளின் பெயர்களே இதனைச் சொல்லும்: 1956 இல் சிங்க றெஜிமென்ட், 1962 இல் கெமுனு காவற்படை. எல்லாளனை வென்றவனின் பெயரைத் தோளில் அணியும் படைப்பிரிவில் அதிகாரியாக வேண்டுமெனத் தமிழ் மாணவன் ஒருவன் தன் ஆசிரியரிடம் எப்படிச் சொல்வான்?

அதே 1962 இல் பாக்குநீரிணைக்கு அப்பால் வேறொரு முயற்சி நடந்தது. இந்தியப் பாதுகாப்பு அமைச்சராயிருந்த வி. கே. கிருஷ்ணமேனன் முன்னின்ற திட்டத்தின்படி மாநிலந்தோறும் சைனிக் பள்ளிகள் தோன்றத் தொடங்கின. தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டைக்கு அணித்தாய் அமராவதிநகரில் அவ்வாண்டு ஒன்று திறக்கப்பட்டது. கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்திற்கு எல்லா மாநிலத்துச் சாதாரண குடும்பப் பிள்ளைகளையும் பதினொரு வயது தொட்டே ஆயத்தஞ் செய்வது அவற்றின் நோக்கம். ஆயத்தம் என்பது தனிமனித முயற்சியன்று, அரசு பொறுப்பேற்கவேண்டிய ஒரு கல்விப் பணி என்பதை இத்திட்டம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இதனை அளவுக்கு மீறிப் புகழவும் வேண்டியதில்லை. சைனிக் பள்ளியின் போதனாமொழி ஆங்கிலம். கழகத்தின் எழுத்துப் பரீட்சையோ ஆங்கிலம், இந்தி என்னும் இரு மொழிகளிலேயே நடைபெறுகின்றது. கணிதத்திற்கு 300, பொது ஆற்றலுக்கு 600, தெரிவு மன்றத்தின் நேர்காணலுக்கு 900 என்னும் புள்ளிப் பகிர்வில் நேர்காணலே சரிபாதி. தமிழ்மூலம் கற்கும் திருநெல்வேலிக் கிராமத்துப் பிள்ளைக்கு அது இன்றும் செங்குத்தான ஏற்றமே. ஆயினும் ஏறுவதற்குப் படியொன்றாவது கட்டப்பட்டது. இலங்கையில் அவ்வாண்டு கட்டப்பட்டது மதில்.

எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தலும் பின்னர் மாவட்டப் பங்கீடும் புகுந்தன. யாழ்ப்பாண மாணவருக்குப் பேரிடியாக விழுந்த இம்முறையில், மாவட்டப் பங்கீடு என்னும் கூறு பின்தங்கிய மாவட்டமாகிய மட்டக்களப்புக்கு ஓரளவு வழிதிறந்தது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ளல் வேண்டும். தமிழ்த் தேசிய எழுத்துகளில் இவ்வுண்மை அடக்கியே வாசிக்கப்படுகின்றது. எனினும் அப்பங்கீட்டு நியாயம் படைத்துறைக் கல்விக்கூடத்தின் படலையை எட்டவில்லை. தியத்தலாவையில் 1968 முதல் அதிகாரிக் கடேற்றுகள் உள்நாட்டிலேயே பயிற்றப்பட்டனர். 1981 இல் அந்நிலையம் இலங்கை இராணுவக் கல்விக்கழகமாயிற்று. அதே ஆண்டிலேயே சேர் ஜோன் கொத்தலாவலையின் பெயரால் பாதுகாப்புக் கல்விக்கழகம் சட்டமூலம் நிறுவப்பட்டு, உயர்தரச் சித்தியும் பட்டப்படிப்பும் படைப்பயிற்சியும் ஒரே பாதையாக இணைக்கப்பட்டன. அவ்வாண்டு ஓகஸ்டில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முன்னோடியான பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. வெல்லாவெளியிலிருந்து உயர்தரம் சித்தியெய்திய மாணவனுக்கு இரண்டாவது நிறுவனம் ஒரு பேருந்துப் பயணம். முதலாவதோ அவனது கற்பனைக்குள்ளேயே வரவில்லை. அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர் யாழ்ப்பாண நூலகம் எரிந்திருந்தது.

1983 இன் பின் நிகழ்ந்தவற்றில் ஒரு முரணை மட்டும் சுட்டுவோம். ஐம்பதுகளில் இலங்கை அரசு தன் அதிகாரிக் கடேற்றுகளை அனுப்பிய தேராதூனுக்கு அருகிலே, சக்ராத்தா முதலிய இடங்களில், எண்பதுகளில் தமிழ் இயக்கங்களின் இளைஞர் இந்திய உளவுத்துறையால் பயிற்றப்பட்டனர். அரச பாதை மறுத்தோரை எதிர்ப்பாதை அழைத்தது. அதற்குக் கடேற் பதக்கமோ ஆங்கிலமோ குடும்பப் பெயரோ வேண்டியிருக்கவில்லை. வர்க்கத் தடையைத் தகர்த்த பாதை எனத் தொடக்கத்தில் அதனைச் சிலர் வரவேற்றமை விளங்கிக்கொள்ளக் கூடியது. ஆயின் படுவான்கரை அதற்குக் கொடுத்த விலையை மறைத்து எழுதும் வரலாறு முற்போக்கு வரலாறு ஆகாது. தொண்ணூறுகளிலிருந்து பெரும்பாலும் விடுதலைப் புலிகளின் ஆதிக்கத்தில் இருந்த இந்நிலப்பரப்பில், 2001 அளவில் 'வீட்டுக்கு ஒருவர்' என்னும் கோரிக்கை கட்டாயமாயிற்று. 2002 யுத்தநிறுத்தத்தின் பின்னரும் அது ஓயவில்லை. பதினெட்டு வயதை எட்டாத ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் பாடசாலை வழியிலும் கோயில் திருவிழாவிலும் பிடித்துச் செல்லப்பட்டமையை மனித உரிமை நிறுவனங்கள் பதிவு செய்துள்ளன. 2004 இல் கிழக்கணி பிளவுற்று ஏப்பிரலில் கலைந்தபோது ஏறத்தாழ 2,000 சிறுவர் வீடு திரும்பினர். திரும்பியவரை மீண்டும் தேடி ஒரு தரப்பு வந்தது. பிரிந்த தரப்பும் பின்னர் பிள்ளைகளைக் கடத்தியது. பத்தாண்டு மைதானப் பழக்கத்தால் ஆக்கப்பட்ட றோயல் கல்லூரி அதிகாரிக்கும், சில வாரப் பயிற்சியின் பின் எல்லைக்கு அனுப்பப்பட்ட வெல்லாவெளிப் பதினைந்து வயதுச் சிறுமிக்கும் இடையிலுள்ள வேறுபாடே படுவான்கரையின் 'படைத்துறை ஆயத்தம்' என்பதன் முழுப் பொருள்.

2007 இல் இப்பிரதேசம் அரச கட்டுப்பாட்டின் கீழ் வந்து, 2009 இல் யுத்தமும் முடிந்தபின், நிலை வேறொரு வடிவம் கொண்டது. முன்னர் பாடசாலை மாணவன் படைமுகாமின் வாயிலை அடைய முடியாதிருந்தான். இப்போது படைமுகாம் பாடசாலையைத் தேடி வந்தது. 2011 இல் பல்கலைக்கழகத்திற்குத் தெரிவானோர் யாவரும் மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சிக்குப் படைமுகாம்களுக்கு அழைக்கப்பட்டனர். நான்காண்டுகளுக்கு முன்னர் ஷெல் வீச்சிலிருந்து தப்பியோடிய படுவான்கரை மாணவரும் அவருள் அடங்குவர். 2012 இல் அதிபர்கள் சிலருக்கு ரண்டம்பையிற் பயிற்சியளித்துக் கேணல் பட்டமும் சூட்டப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிற் கிளிநொச்சியில் தமிழ்ப் பெண்கள் இராணுவத்திற் சேர்க்கப்பட்டபோது அச்சேர்ப்பு சிப்பாய்த் தரத்திலேயே நிகழ்ந்தது, அதிகாரிப் பயிற்சிக்கன்று. கொத்தலாவலைப் பல்கலைக்கழகத்திற்கு விரிந்த அதிகாரம் வழங்கும் சட்டமூலத்திற்கெதிராக 2021 இல் ஆசிரியரும் மாணவரும் வீதிக்கிறங்கியபோது, உயர்கல்வி இராணுவமயப்படுவது பற்றிய அச்சம் நாடளாவியதாயிற்று.

இங்கு முற்போக்காளரிடையே ஒரு தடுமாற்றம் தோன்றுகின்றது. அதிகாரிக் கல்விக்கூடங்களில் தமிழ்க் கிராமத்து மாணவருக்கு இடம் கேட்பது இராணுவமயத்திற்குத் துணைபோவதாகாதா? எமது நோக்கில் இவ்விரண்டும் ஒன்றல்ல. ஓர் இனத்தாரே கட்டளையிடும் படை, பிற இனத்தார் வாழும் நிலத்தில் நிலைகொண்டிருக்கும்வரை, அதன் அதிகாரித் தெரிவு ஒரு குடியியற் பிரச்சினையே. ஏழை மாணவனுக்குப் பட்டப்படிப்பின் ஒரே இலவச விடுதி படைமுகாமாக இருப்பதும் ஒரு குடியியற் பிரச்சினையே. விண்ணப்பம் மும்மொழியிலும் பிரசுரமாகின்றது என்னும் விடை போதாது. உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியரின்றி வாவி கடந்து செல்லும் மாணவன், ஆங்கில ஆசிரியரைக் கண்டறியாத மாணவன், தந்தையின் பெயரும் மூத்த சகோதரனின் கடந்தகாலமும் நேர்முகத்தில் எவ்வாறு வாசிக்கப்படும் என அஞ்சும் மாணவன் ஆகியோருக்கு அவ்விளம்பரம் வெறுங்காகிதம். அம்மாணவனுக்கு விஞ்ஞான ஆசிரியர் கிடைத்தபின் அவன் மருத்துவபீடத்தை விரும்பினாலும் தியத்தலாவையை விரும்பினாலும் அது அவன் தெரிவு.

இவ்விடயத்தை மேலும் ஆராய விரும்புவோர்க்குத் தலைநகரத்து ஆவணக் காப்பகத்தைவிடப் பயன்தரும் மூலங்கள் பட்டிருப்புக் கல்வி வலயத்துப் பாடசாலைகளிலே உள்ளன. சம்பவத்திரட்டுப் புத்தகங்களும் வரவு இடாப்புகளும் யாப்பமைந்த வரலாறு அல்ல. ஆயினும் எந்த அரிவெட்டில், எந்த வெள்ளத்தில், எந்தச் சுற்றிவளைப்பில், எந்த ஆட்பிடிப்பு மாதத்தில் எத்தனை பெயர்கள் வெட்டப்பட்டன என்பதை அவை நாள்வாரியாகக் காட்டவல்லன. இடப்பெயர்விலும் கறையானிலும் அழிந்தன போக எஞ்சியவை இன்னும் அதிபர் அறையின் அலுமாரிகளிற் கிடக்கின்றன. அவற்றைப் படியெடுத்து, மாணவர் பெயர்களை மறைத்து, ஆண்டுவாரியாகத் தொகுக்கும் பணியைக் கிழக்குப் பல்கலைக்கழக வரலாற்று மாணவர் ஏற்பாராயின், இக்கட்டுரை பொதுப்படக் கூறியவற்றைப் பாடசாலைவாரியாகச் சோதித்துப் பார்க்க இயலும்.